லோரியை ஏன் வெறுத்தேன்?

ஒரு பெண் பிரசவத்தில் சாகிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ‘அப்பாடா, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாள்’ என்று மனசு சொன்னது. சில நொடிகள் கழித்துத்தான் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அங்கே எனக்கும் ஒரு தழும்பு இருக்கிறது.

செத்தவள் நிஜமான பெண் இல்லை. ‘தி வாக்கிங் டெட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் லோரி. ஆனால் என் நிம்மதி நிஜமானது. பெண்ணியம் பேசுகிற, வகுப்பில் பெண்ணெழுத்துப் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு வந்த நிம்மதி அது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் கிர்க்மன் எழுதி 2003இல் வெளிவரத் தொடங்கிய சித்திரக்கதையைத் தழுவியது இந்தத் தொடர். 2010 அக்டோபர் 31 அன்று ஏஎம்சி சேனலில் தொடங்கி 2022 நவம்பரில் முடிந்தது. மொத்தம் 11 சீசன்கள், 177 எபிசோடுகள். செத்தவர்கள் எழுந்து நடந்து, உயிரோடிருப்பவர்களைக் கடித்துத் தின்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் போலீஸ் வேலை பார்த்த ரிக், கோமாவிலிருந்து விழிக்கும்போது உலகம் முடிந்துபோயிருக்கிறது. மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடி அட்லாண்டாவுக்குப் புறப்படுகிறான். ‘ஜாம்பி’ என்ற சொல்லை இந்தக் கதையின் மனிதர்கள் உச்சரிப்பதில்லை. ‘வாக்கர்’, அதாவது நடப்பவர்கள் என்கிறார்கள். கடிபட்டுத்தான் சாக வேண்டும் என்றில்லை, எப்படிச் செத்தாலும் எழுந்துவிடுவோம் என்பது பிறகு தெரியவருகிறது. அந்த நோய் ஏற்கெனவே எல்லோருக்குள்ளும் இருக்கிறது.

நான் இதைப் பார்த்தது 2020 ஊரடங்கில். இரவு பத்தரைக்கு மேல், பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, செவியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். பாதி நாள் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். இரண்டாம் சீசன் பண்ணை வீட்டிலேயே நகராமல் நின்றபோது அலுத்தேன். ஆறாம் சீசன் முடிவில் யார் தலையில் அடி விழுந்தது என்று காட்டாமல் வைத்திருந்து, ஏழாம் சீசன் தொடக்கத்தில் கிளென்னின் மண்டை உடைவதை அங்குலம் அங்குலமாகக் காட்டியபோது, கர்ப்பிணியாக எதிரே மண்டியிட்டிருந்த அவன் மனைவி மேகியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மடிக்கணினியை மூடினேன். மறுநாள் திறந்தேன். நிறையப் பேர் அந்தக் கட்டத்தில் விட்டுப்போனார்கள் என்று பின்னர் அறிந்தேன். எனக்கு விட முடியவில்லை. காரணம் முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில் வரும் ஒரு காட்சி.

கல்குவாரியில் தேங்கிய நீரோரம் நான்கு பெண்கள் துணி துவைக்கிறார்கள். உலகம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. அரசாங்கம் இல்லை, பணம் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனாலும் யார் துவைக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. சற்றுத் தள்ளி ஷேன் ஒரு சிறுவனோடு தவளை பிடித்து விளையாடுகிறான். இந்த வேலையெல்லாம் நம் தலையில் எப்படி வந்து விழுந்தது என்று ஜாக்கி என்ற கறுப்பினப் பெண் கேட்கிறாள். அது அப்படித்தான் என்கிறாள் கேரல். பிறகு ஒவ்வொருத்தியும் எதை இழந்து ஏங்குகிறோம் என்று சொல்கிறார்கள். கேரல் தன் வாஷிங் மெஷினைச் சொல்கிறாள். பேச்சு உடல் சுகம் பற்றிய ஒரு கேலியில் போய் முடிய, எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கேரலின் கணவன் எட் வருகிறான். கொஞ்ச நேரத்தில் அவள் கன்னத்தில் அறை விழுகிறது.

ஊரடங்கில் உலகம் நின்றிருந்தது, என் அடுப்பு நிற்கவில்லை. அந்தக் காட்சியை நான் கற்பனைக் கதையாகப் பார்க்கவில்லை.

எட்டை அடித்து நொறுக்குகிறான் ஷேன். அதை நியாயம் என்று எண்ணிக் கைதட்டத் தோன்றும். ஆனால் லோரி தன்னைத் தள்ளிவைத்த ஆத்திரத்தைத்தான் அவன் எட்டின் முகத்தில் இறக்குகிறான். இதே ஷேன் அதே சீசனின் கடைசியில், குடித்துவிட்டு, லோரியை ஓர் அறையில் மடக்கி வன்புணர முயல்கிறான். அவனைக் கீறித்தான் அவள் தப்பிக்கிறாள்.

அந்தக் கீறலை நான் எவ்வளவு சீக்கிரம் மறந்தேன் என்பதுதான் விஷயம். லோரியின் மீது பார்வையாளர்கள் சுமத்திய குற்றப்பட்டியல் நீளமானது. கணவன் செத்துவிட்டான் என்று நம்பி ஷேனோடு இருந்தாள். அப்படி நம்ப வைத்தவன் ஷேன். கர்ப்பமானதும் கலைக்க மாத்திரை விழுங்கினாள், உடனே வாந்தியெடுத்தாள். ஷேன் ஆபத்தானவன் என்று கணவனிடம் சொன்னாள், கணவன் அவனைக் கொன்றுவிட்டு வந்து சொன்னபோது அருவருத்து விலகினாள். இந்தக் கடைசிக் காட்சியில்தான் எனக்கும் அவள்மேல் ஆத்திரம் வந்தது. ‘இவளுக்கு என்னதான் வேண்டும்?’ என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டு மருமகளைப் பற்றி நானே கேட்டு வளர்ந்த குரல் அது.

மகனைக் கவனிக்கத் தெரியாத தாய் என்பது அவள்மேல் இருந்த இன்னொரு குற்றம். கார்ல் எங்கே போனான் என்று தெரியாமல் நிற்பவள் என்று அவளைக் கேலி செய்தார்கள். ஆனால் இரண்டாம் சீசன் தொடக்கத்தில் கார்லின் உடம்பில் குண்டு பாயும்போது அவன் யாரோடு இருந்தான்? காட்டில், தன் அப்பாவோடும் ஷேனோடும். அதற்காக ரிக்கை மோசமான தகப்பன் என்று நான் நினைக்கவில்லை. பாவம் என்றுதான் நினைத்தேன்.

ஏஎம்சியின் இன்னொரு புகழ்பெற்ற தொடரான ‘பிரேக்கிங் பேட்’டில் ஸ்கைலர் என்ற மனைவியாக நடித்த அன்னா கன், 2013இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். போதைப்பொருள் காய்ச்சுகிற, கொலை செய்கிற கணவனை நேசித்த பார்வையாளர்கள், அவனைத் தடுக்க முயன்ற மனைவியை வெறுத்தார்கள். அந்த வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டி நடிகையான தன்மீதே பாய்ந்ததையும், அது மனைவியர் குறித்துச் சமூகத்தில் ஊறிக்கிடக்கும் எண்ணங்களைக் காட்டுவதையும் அவர் எழுதியிருந்தார். அதைப் படித்திருந்தேன், மெச்சியிருந்தேன். அப்புறமும் லோரியை வெறுத்தேன். படிப்பு அறிவில் தங்கியது. வெறுப்பு அதைவிட ஆழத்தில் இருந்தது.

இனி கேரல். அடி வாங்கிய அவளை இந்தத் தொடரில் நேசிக்காதவர்கள் குறைவு. எட்டை வாக்கர்கள் கடித்துக் கொல்கிறார்கள். பிணம் எழுந்துவிடாமல் இருக்க மண்டையை உடைக்க வேண்டும். டாரில் கடப்பாரைக் கோடரியோடு நெருங்கும்போது, என் புருஷன், நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொள்கிறாள். ஓர் அடி போதும். அவள் அழுதபடியே திரும்பத் திரும்ப அடிக்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் ஏதோ இளகியது.

மூலச் சித்திரக்கதையில் கேரல் சிறைச்சாலையில் தானாகவே ஒரு வாக்கரின் வாயில் தன்னைக் கொடுத்துச் சாகிறாள். தொடரிலோ மெலிசா மெக்பிரைட் நடிப்பில் அவள் கடைசி எபிசோடு வரை வாழ்கிறாள். மகள் சோஃபியாவைப் பறிகொடுக்கிறாள். குழந்தைகளுக்குக் கதை சொல்கிற சாக்கில் கத்தி பிடிக்கக் கற்றுத்தருகிறாள். காய்ச்சல் பரவும் என்று நோயாளிகள் இருவரைக் கொன்று எரிக்கிறாள். தங்கையைக் குத்திக் கொன்றுவிட்டு, அவள் வாக்கராகத் திரும்பி வருவாள் என்று காத்திருக்கும் சிறுமி லிஸியை, பூக்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து சுடுகிறாள். ஐந்தாம் சீசனின் முதல் எபிசோடில், மனிதர்களைத் தின்னும் கூட்டத்திடமிருந்து மொத்தக் குழுவையும் தனியாளாக மீட்கிறாள். அமெரிக்காவில் இந்தத் தொடரை அதிகம் பேர் பார்த்தது அந்த இரவில்தான். 2014 அக்டோபர் 12 அன்று, ஒரு கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமானோர்.

அடி வாங்கிய மனைவி வீரத்தலைவி ஆகிறாள். இதைக் கொண்டாட வேண்டும்தானே? முதுகலை வகுப்பில் ஒருநாள் பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. “எனக்குக் கேரல் மாதிரி ஆகணும் மேம்” என்றாள் ஒரு மாணவி. அவள் பக்கத்தில் இருந்தவள், நோட்டிலிருந்து தலை நிமிராமலே, “அவங்க புருஷன் செத்த பிறகுதானே மேம் அப்படி ஆனாங்க? அதுக்கு உலகமே அழிய வேண்டியிருந்துச்சு” என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி. ரிக்குக்குச் சட்டம் போனது இழப்பு, அவன் அந்தச் சட்டத்தின் சீருடை அணிந்தவன். கேரலுக்கு எதுவும் போகவில்லை, அந்தச் சட்டம் அவள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. எட்டைத் தண்டித்தது நீதிமன்றம் இல்லை, சுற்றம் இல்லை, பிணங்கள். ஒரு பெண் தன் வீட்டில் அடி வாங்காமல் இருக்க ஒரு நாகரிகமே முடிய வேண்டும் என்று ஒரு கதை சொன்னால், அது பேரழிவைப் பற்றிய கதையாக எனக்குத் தெரியவில்லை. முடிந்துபோன அந்த நாகரிகத்தின் மீதான புகாராகத்தான் தெரிகிறது.

அந்த மாணவியின் சொல்லிலிருந்துதான் என் நிம்மதியின் வேரும் கிடைத்தது. கேரலை ஏன் நேசித்தேன்? அவள் பயன்பட்டாள். லோரியை ஏன் வெறுத்தேன்? அவள் பயன்படவில்லை. அவள் ஆசைப்பட்டாள், குழம்பினாள், மாற்றிமாற்றிப் பேசினாள், வயிற்றைச் சுமந்துகொண்டு எல்லோரையும் தாமதப்படுத்தினாள். ஒரு பெண் வீட்டுக்கு என்ன பயன் என்று எடைபோடுகிற தராசை நான் ஆயுள் முழுக்க எதிர்த்து எழுதியிருக்கிறேன். அதே தராசில் ஒரு பக்கம் சமையலை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வைத்ததும், எனக்கு அது வேறு தராசாகத் தெரிந்துவிட்டது.

தொடரின் கதைக்கட்டும் இதற்கு உடந்தை. இரக்கம் காட்டச் சொல்பவர்கள் பலர் அதில் சீக்கிரம் சாகிறார்கள். தயங்கினால் யாராவது கடிபடுகிறார்கள். கொன்றால் விடிகிறது. ஆட்டத்தின் விதியை அப்படி எழுதிவிட்டு, பார், கடுமைதான் வெல்கிறது என்று காட்டுவது சுலபம். பத்து சீசன் பார்த்தால் தயங்குகிற எவரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. எழுதியவர்கள்மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்த எரிச்சல் வளர ஏற்கெனவே என்னிடம் மண் இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்தத் தொடரே சில இடங்களில் என்னைவிட நேர்மையாக இருந்தது. ஆறாம் சீசனில் கேரல் சுற்றியிருப்பவர்களுக்குப் பீட்ரூட் குக்கி சுட்டுக் கொடுக்கிறாள். இரவில் உட்கார்ந்து, இதுவரை தான் கொன்றவர்களை ஒரு குறிப்பேட்டில் கணக்கெடுக்கிறாள். அப்புறம் இனி உங்களுக்காகக் கொல்ல என்னால் முடியாது என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு வெளியேறுகிறாள். நான் அப்போது சலித்துக்கொண்டேன். என் பழைய கேரல் எங்கே போனாள் என்று கேட்டேன். ஒருத்தி களைத்துப்போகும் உரிமையைக்கூட அவளுக்குத் தர எனக்கு மனமில்லை. மேகியின் கதையும் அப்படித்தான். கிளென்னைக் கொன்ற நீகன் சிறையில் கிடந்து, திருந்தி, குழுவுக்கு உழைத்து, பார்வையாளர்களின் செல்லமாகவே ஆகிவிடுகிறான். கடைசி எபிசோடில் மேகி அவனிடம், நீ முயல்வது தெரிகிறது, ஆனாலும் மன்னிக்க என்னால் முடியாது என்ற பொருளில் பேசுகிறாள். அவனோடு ஒரே ஊரில் வாழ அவள் சம்மதிக்கலாம். மன்னிப்பு அவளிடமிருந்து வசூலிக்கப்படவில்லை. மன்னிப்பதே பெண்ணின் பெருமை என்று படித்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு காட்சி பெரிய ஆறுதல்.

கடந்த மாதம் லோரி சாகும் காட்சியை மறுபடி பார்த்தேன். மூன்றாம் சீசன், நான்காவது எபிசோடு. சிறைக்குள் ஒரு கொதிகலன் அறை. மயக்க மருந்து கிடையாது, மருத்துவர் கிடையாது. அறுக்கச் சொல்பவள் லோரி. மேகி மறுக்கிறாள், அழுகிறாள். பழைய தழும்பு எங்கே இருக்கிறது, எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று லோரியே காட்டுகிறாள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்துதான் காட்டுகிறாள். மகனிடம் விடைபெறுகிறாள். அவள் எழுந்துவிடாமல் இருக்க அந்தச் சிறுவனே பிறகு சுடுகிறான்.

முதல் முறை இதைப் பார்த்தபோது இத்தனையும் என் கண்ணில் பட்டிருக்கும். பட்டும் பதியவில்லை. எனக்குக் கீழ்ப்பாதி மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள், ஒரு செவிலி தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்படியும் அந்த இழுப்பை உடம்பு மறக்கவில்லை. லோரி இதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பின்னணியில் வீர இசையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை நான் வீரமென்று எண்ணாமல் கடந்துபோனேன்.

இப்போது அவளைப் பிடித்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றும் சில காட்சிகளில் எரிச்சலூட்டுகிறாள். பிடிக்காத ஒரு பெண்ணும் சாகாமல் இருக்கலாம் என்று மட்டும் ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அந்த நோய் எல்லோருக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது என்று தொடர் சொன்னதை நான் பிணங்களைப் பற்றியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.