நாளை வரைக்கும்

டென்மார்க் வானிலை நிலையத்தின் தேசிய முன்னறிவிப்பு சில வரிகளில் முடிந்துவிடும். இன்று, இன்றிரவு, நாளை. வடமேற்குக் காற்று, மேற்குக் கரையில் பலமாக. இடையிடையே ஆலங்கட்டி, ஈரப்பனி. இரவில் பூச்சியத்துக்குக் கீழே. சித்திரை பிறந்த பிறகும் அந்தக் கரையில் உள்ள எஸ்பியர்க்கில் இதைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் பொங்க வேண்டிய புத்தாண்டுப் பானை இங்கே மின்னடுப்பில் ஏறுகிறது. வாடைக்காற்று தை மாதத்தோடு போய்விடும் என்பது ஊர்க்கணக்கு. இந்தக் கடலுக்கு அது தெரியாது.

*

ஏப்ரலில் நாட்டின் சராசரி வெப்பம் ஏழெட்டுப் பாகைதான். வெயில் மட்டும் ஆகஸ்ட் கடைசி வெயிலின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கிரீன்லாந்துப் பக்கம் உயர் அழுத்தமும் ஸ்காண்டிநேவியாமேல் தாழ்வும் அமைந்தால், இரண்டுக்கும் நடுவே ஆர்க்டிக் காற்று தடையின்றி இறங்கும். கீழே நிலம் சூடாகும், மேலே காற்று உறைந்திருக்கும். முகில் மளமளவென்று எழும்பி அரிசி அளவு ஆலங்கட்டியைக் கொட்டிவிட்டுப் போகும். பால்கனித் தரையில் அவை துள்ளி, உருண்டு, மூலையில் வெள்ளையாய்க் குவியும். சற்று நேரத்தில் வெயில். குவியல் கரைந்து ஈரத்தடம் மட்டும் இருக்கும்.

“தம்பி, வெயிலை நம்பி ஜாக்கெட்டைக் கழட்டிப்போடாதையும்.” எண்பதுகளில் அகதியாக வந்து இந்த யூட்லாந்துத் தீபகற்பத்திலேயே தலை நரைத்த ஐயா ஒருவர் சொன்னது. எந்த நிலையமும் இதைவிடச் சுருக்கமாக எச்சரித்ததில்லை.

*

பெரும் புயல்கள் வசந்தத்துக்கு உரியவை அல்ல. 1999 டிசம்பர் 3 அன்று அடித்ததை இந்தக் கரை இன்னும் பேசுகிறது. தெற்கே ரோமோ தீவில் காற்றின் வீச்சு வினாடிக்கு 51 மீட்டரைத் தாண்டியது. உச்சக் காற்று வற்று நேரத்தில் வந்ததால் கடல் அணைகள் தப்பின. டென்மார்க்கில் சராசரிக் காற்று 24.5 மீட்டரை எட்டினால்தான் புயல் என்பார்கள். ஏப்ரல் காற்று பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். ஆனாலும் எனக்கு அதன்மேல்தான் கூடுதல் பயம். டிசம்பரில் எல்லாரும் கட்டிவைத்து, பூட்டிவைத்து, காத்திருப்பார்கள். ஏப்ரலில் கதிரைகள் தோட்டத்தில், பிள்ளைகள் சைக்கிளில், மனம் ஏற்கெனவே கோடையில்.

*

1864 போரில் தெற்கு மாநிலங்களை இழந்த டென்மார்க், வடகடலுக்கு ஒரு வாசல் வேண்டி 1868 ஏப்ரல் 24 அன்று சட்டம் இயற்றியது. அதுவரை சில பண்ணை வீடுகள் மட்டும் இருந்த மேட்டில் எழுந்தது எஸ்பியர்க் துறைமுகம். மீன்பிடியால் வளர்ந்தது, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியது, இப்போது கடலில் நடும் காற்றாலைகளை ஏற்றி அனுப்புகிறது. ஒதுங்க வேண்டிய காற்றே இன்று சரக்கு. கப்பல் புறப்படுவதும் பாரந்தூக்கி எழும்புவதும் காற்றின் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான்.

*

அந்த முன்னறிவிப்புக்கான கணக்கு நடப்பது ஐஸ்லாந்தில், ரெய்க்யாவிக்கில் உள்ள ஒரு பெருங்கணினியில். டென்மார்க், நெதர்லாந்து, அயர்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் கூட்டு அது. வளிமண்டலத்தை இரண்டு கிலோமீட்டர்க் கட்டங்களாக வெட்டி, சுமார் 60 மணி நேரத்துக்குக் கணிக்கிறது. அதற்கு மேல் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல அது துணிவதில்லை. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. குளிர் எப்போது ஓயும் என்று நான் கேட்கிறேன். அது நாளை மத்தியானக் காற்றின் திசையைச் சொல்கிறது. கேட்டது கிடைக்கவில்லைதான், ஆனால் நாளைக்கு எதை உடுப்பது என்று தெரிந்துவிடுகிறது.

*

இந்த வாரம் வானம் தெளிந்து காற்று விழும் இரவுகளைக் கவனியுங்கள். உறைபனி அப்போதுதான் வரும். மிளகாய்க் கன்றுகளை மே கடைசி வரை சன்னலோரத்திலேயே வைத்திருங்கள்.