கடைசி இலக்கம் மாறினால்

2024 செப்டம்பரில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் ‘அர்கா’ என்ற மீத்திறன் கணினி செயல்பாட்டுக்கு வந்தது. வேகம் 11.77 பெட்டாஃப்ளாப், 2018 முதல் அங்கிருந்த ‘பிரத்யூஷ்’ எட்டியது 4. செய்திகளில் வேகம்தான் அடிபட்டது. இப்படி இயந்திரம் மாறும்போது ஆய்வாளர்கள் படும் பாடு வேறு: நிரல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், வேலையைப் பல்லாயிரம் பிராசசர்களுக்குப் பங்கு பிரிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். பிசகில்லாமல் செய்தாலும் விடையின் கடைசி இலக்கங்கள் பழையபடி வருவதில்லை. இத்தகைய கணக்குகளில் ஓர் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கங்கள்தான் இடம். பெரிய எண் ஒன்றோடு மிகச் சிறியவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டினால் அவை உதிர்ந்துபோகும். முதலில் தமக்குள் கூட்டிப் பிறகு சேர்த்தால் கணக்கில் ஏறும். பங்கு மாறினால் கூட்டும் வரிசையும் மாறும். வானிலையில் இது சில்லறை விஷயமல்ல. 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லாரன்ஸ் 0.506127க்குப் பதில் 0.506 என்று இட, கணக்கில் சில மாதங்கள் நகர்வதற்குள் வேறொரு வானிலையே வந்து நின்றது. அப்படியானால் இயந்திரம் என்ற உடல் மாறிய பின் ஓடுவது அதே கணக்குதானா?

கோயில்கள் இதற்கு நெடுநாளாக நடைமுறையில் பதில் சொல்லி வருகின்றன. திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போக, நவராத்திரி பூசையும் பெயர்ந்தது. அதற்காகச் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மன் ஆண்டுதோறும் பல்லக்கில் புறப்பட்டு, வேளிமலை குமாரசுவாமியோடும் பத்மநாபபுரம் சரஸ்வதியோடும் அங்கே போய்த் திரும்புகிறாள். 1956இல் நடுவே மாநில எல்லை விழுந்தது. அந்த வழக்கம் நிற்கவில்லை. அங்கே அதே விக்கிரகம்தானே போகிறது, கணினியில் பழைய உடலின் துண்டு ஒன்றும் வருவதில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்குப் பாலாலயத்தைப் பார்க்க வேண்டும். திருப்பணிக்காலத்தில் மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்ப நீரில் ஆவாகனம் செய்து, மரப்பலகையிலோ படத்திலோ நிறுத்தி, பூசையை அங்கே நடத்துகிறார்கள். கல்லும் பலகையும் எந்த விதத்திலும் ஒன்றல்ல. ஆனாலும் அதே தெய்வம் என்று கொள்கிறோம் என்றால், அதே வழிபாடு இடைமுறியாமல் அங்கே நிறைவேறுவதால்தான். ஒன்று அதுவாகவே இருக்கிறதா என்பதை, அது எதற்காக இருக்கிறதோ அதை வைத்தே தீர்மானிக்க முடியும் என்பது என் வாதம். பொருளோ இலக்கமோ அதற்குப் போதாது.

‘ஏறக்குறைய அதே’ என்று இடம் கொடுத்தால் எந்தப் பிழையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்ற ஆட்சேபம் வலுவானது. ஆனால் எல்லை மனம்போன போக்கில் போடப்படுவதில்லை. பழைய இயந்திரத்திலேயே தொடக்க நிலையைத் துளித்துளியாக மாற்றிப் பலமுறை ஓட்டி, விடைகள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கலாம். புது இயந்திரத்தின் விடைகள் அந்தச் சிதறலோடு ஒத்துப்போனால் அதே கணக்கு. விலகி நின்றால் பிழை தேட வேண்டும். சடங்கில் இந்தச் சோதனை கிடையாது, முறை தவறாமையே சான்று. இந்த ஒரு விஷயத்தில் கணினிக்காரர்களின் கறார்தான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

சைவ சித்தாந்தி இன்னொன்று கேட்பார்: உயிர் தனு கரணங்களின் (உடல், கருவிகளின்) வழியாகவே அறியும் என்றால், கருவி மாறும்போது அறிவும் மாறாதா? மாறும், அங்கே என் அளவுகோலும் ‘அதே’ என்று சொல்ல மறுக்கும். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு, அர்காவின் பலத்தில் 12 கிலோமீட்டர் கட்டங்களை 6 ஆகச் சுருக்கியது. 12 கிலோமீட்டர் கட்டத்தில் சுசீந்திரத்து வயலும் குளமும் மருந்துவாழ்மலையும் ஒரே மழை பெறக்கூடும். 6இல் மலைக்கும் வயலுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம். கேள்வியே மாறிய பின் பழைய சிதறலைக் காட்டி யாரும் தேர்ச்சி தர முடியாது. அது பாலாலயமல்ல, புதுப் பிரதிஷ்டை. குமரி மாவட்டத்து மழைமானிகளை வைத்துச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.