சலுகையும் சான்றும்

மாணவன் ஒருவன் தான் மாணவன் என்பதை எத்தனை முறை நிறுவுதல் வேண்டும்? பருத்தித்துறையிலிருந்து திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வருபவனுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை பருவகாலச் சீட்டைக் குறைந்த கட்டணத்தில் வழங்குகின்றது. அதனைப் பெறக் கல்வி நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும். இலண்டனிற் குடியேறிய யாழ்ப்பாணத்தாரின் பிள்ளைகளுக்கும் இந்நிலையே. அங்கு 1993 இல் நடைமுறைக்கு வந்த உள்ளூராட்சி வரியிலிருந்து, முழுநேர மாணவர் மட்டுமே வாழும் வீடு முற்றாக விலக்களிக்கப்படுகின்றது. ஆனால் அவர் மாணவரென்பதற்குச் சான்று காட்டவேண்டும்.

சான்று கேட்பதே அவமதிப்பு என்பர் சிலர். அது பொருந்தாது. சலுகையாற் குறையும் பணத்தைப் பிறரே ஈடுசெய்கின்றனர். வெங்காயம் விற்கச் சந்தைக்கு முழுக்கட்டணத்திற் செல்லும் கமக்காரனும் அவருள் ஒருவன். அவனுக்குக் கணக்குக் காட்டுதல் கடனே.

ஆயின் சான்று வேறு, உண்மை வேறு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது ஆவணங்களை இழந்தோர் பலர். தாளை இழந்தவன் மாணவநிலையை இழந்தவனல்லன். அனுமதி வழங்கிய நிறுவனத்திற் பதிவேடு இருக்க, அதிலுள்ள செய்தியையே தாளிற் பெற்று வேறோர் அலுவலகத்துக்குச் சுமந்து செல்லும் பொறுப்பை மாணவன்மீது சுமத்துவானேன்? முத்திரையிடுபவர் விடுப்பிலிருந்தால் வசதியுள்ளவன் இழப்பது சில ரூபாய். மற்றவன் இழப்பது அன்றைய விரிவுரை. பெயர்ப்பட்டியலைப் பல்கலைக்கழகமே ஆண்டுதோறும் சபைக்கு அனுப்பின், கமக்காரனுக்குரிய கணக்கும் தவறாது, அவ்விரிவுரையும் தவறாது.