மலைச்சரிவும் வானமும்: ஓர் அறவியல் நோக்கு

வறியோர் மிகுந்த நாடொன்று விண்மீன்களை ஆராய்வதற்குப் பொருள் செலவிடுதல் அறமாகுமா என்னும் வினா பலகாலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. வினா நேர்மையானதே. ஆயினும் அது பெரும்பாலும் வறியோரால் எழுப்பப்படுவதில்லை என்பது கவனிக்கற்பாலது.

நீலகிரியில், உதகமண்டலத்தை அடுத்த முத்தொரையில், 1970ஆம் ஆண்டில் ஒரு வானொலித் தொலைகாட்டி நிறுவப்பெற்றது. நீளம் 530 மீற்றர். அகலம் 30 மீற்றர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சுவரூப் அதனை வடிவமைத்தார். வடதென் திசையில் ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவொன்றை அவரது குழுவினர் தேடிக் கண்டனர். அவ்விடத்தின் அகலக்கோடும் ஏறத்தாழ 11 பாகையே. ஆதலின் சரிவிற் கிடத்திய கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. அவ்வோர் அச்சிற் சுழற்றினாலே ஒரு வான்பொருளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகத் தொடரலாம். இயற்கை தந்த சாய்வினால் பெருஞ்செலவு தவிர்க்கப்பட்டது. சந்திரன் ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தை அளந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் நுண்ணமைப்பு அங்கே கணிக்கப்பட்டது. பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருந்ததன்று, மாறி வந்ததே என்ற கொள்கைக்கு அவ்வளவைகள் மேலுமொரு சான்றாயின.

அதே மலைக்கு அக்காலத்தில் வேறொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை விதித்தது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள், அவர்களுக்கென 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் கீழ், நீலகிரியிலும் கொழுந்தே பறித்தன. மலை மாறிற்று, தொழில் மாறவில்லை.

இவ்விரு காட்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோர் தொலைகாட்டியைக் குற்றஞ்சாட்ட விரைவர். அக்குற்றச்சாட்டு தருக்கத்திற்கு நிற்பதன்று. ஹற்றனில் நூறாண்டுக்கு மேலாகத் தேயிலை விளைந்தது. அங்கே பெருந்தொலைகாட்டி எதுவும் எழவில்லை. அதனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறை ஓரடியேனும் அகன்றதுண்டா? வானுக்குச் செலவிடாத பணம் தானாகவே லயத்துக்கு வந்து சேர்வதில்லை. அது துரைமாரின் கணக்கில் இலாபமாகக் கடல் கடந்து சென்றது.

விஞ்ஞானத்தின் சார்பில் வழக்கமாகக் கூறப்படும் விடையும் மனநிறைவு தருவதன்று. ஆராய்ச்சியின் பயனாகத் தொழில்நுட்பம் வளரும், வருவாய் பெருகும் என்பர். இது தோட்ட முகாமையாளரின் அளவுகோலேயன்றி வேறன்று: சரிவு எத்தனை கிலோ தரும்? தாம் வாழும் அண்டம் எத்தகையது என அறிதல் மனிதர்க்குரிய தேவை என்று கொள்வதே நேரிய விடையாம். அங்ஙனம் கொள்ளின் மற்றொன்றும் ஒப்புக்கொள்ளப்படல் வேண்டும். தேவை எனின் அது யாவர்க்கும் உரியது. ஒரு சரிவில் நிற்பவர்க்கு உண்டு, மறு சரிவில் கூடை சுமப்பவர்க்கு இல்லை என்றல் பொருந்தாது. ஆகவே அநீதி தொலைகாட்டி எழுந்ததில் இல்லை. அதற்குச் செல்லும் வழி சிலருக்குப் பிறப்பிலேயே அடைபட்டிருப்பதில் உள்ளது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்றும் அரிதாகவே காணப்படுகின்றது. அறிவு கூர்மையுடைய மாணவர் பலர் கலைப்பிரிவுக்கு வருவது விருப்பத்தினால் மட்டுமன்று.

ஹற்றன், நுவரெலியா ஆகிய இரண்டும் ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளன. வடக்கு நோக்கி 7 பாகை உயரும் சரிவு ஏதேனும் அங்குள்ள தேயிலை மலைகளில் இருப்பின், அதுவும் பூமியின் அச்சுக்கு இணையானதே. இதனை நிறுவுவதற்குச் சாதாரணதரக் கேத்திர கணிதம் போதும்.