விடை சொல்லாத விசுவாசம்: ஹார்ட்டன் ஃபுட்டின் நாடகங்கள்

நல்லவர்களுக்கு ஏன் துன்பம் வருகிறது என்ற கேள்வி யோபுவின் கதை அளவுக்குப் பழையது. அமெரிக்க நாடகாசிரியர் ஹார்ட்டன் ஃபுட் (1916–2009) அதைச் சற்றுத் திருப்பிக் கேட்டார். ஒரே மாதிரி அடி விழுந்தும் ஒருவர் எழுந்து நிற்கிறார், இன்னொருவர் நொறுங்கிப்போகிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதியும் அவர் இதற்கு முடிவான விடை தரவில்லை. தராததே அவருடைய சமய நிலைப்பாடு என்று கொள்ளலாம்.

ஃபுட் பிறந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்தின் வார்ட்டன். அந்தச் சிற்றூரை ‘ஹாரிசன்’ என்று பெயர் மாற்றி நாடகத்துக்கு நாடகம் கொண்டுவந்தார். அங்கே பெரிய நிகழ்ச்சிகள் இல்லை. சாவு, கடன், குடி, சொத்துத் தகராறு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நாடகமும் சிறியதாகத் தெரியும்; சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் வீச்சு புரியும். நியூயார்க்கின் சிக்னேச்சர் நாடகக் குழு ஒரு பருவம் முழுவதையும் ஒரே நாடகாசிரியருக்கு ஒதுக்கும் வழக்கத்தோடு 1991இல் தொடங்கப்பட்டது. 1994–95 பருவத்தை அது ஃபுட்டுக்கு அளித்து, அவருடைய நான்கு நாடகங்களை மேடையேற்றியது. இப்படிப்பட்ட எழுத்தாளருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்க முடியாது. அவற்றுள் ஒன்றான ‘தி யங் மேன் ஃப்ரம் அட்லாண்டா’ 1995இல் புலிட்சர் பரிசு பெற்றது.

அந்த நாடகம் 1950ஆம் ஆண்டின் ஹூஸ்டன் நகரில் நடக்கிறது. வில் கிடர், லில்லி டேல் தம்பதியின் ஒரே மகன் ஏரியில் இறங்கி மூழ்கி இறந்திருக்கிறான். அவனுக்கு நீந்தத் தெரியாது. அது தற்கொலை என்பது தகப்பனின் முடிவு. மகனோடு ஒரே விடுதியில் தங்கியிருந்த இளைஞனோ, அவன் பக்தியுள்ளவனாக மாறியிருந்தான், ஜெபித்துக்கொண்டிருந்தான் என்று தாயிடம் சொல்கிறான். அவள் அதைப் பற்றிக்கொள்கிறாள்; கணவனுக்குத் தெரியாமல் அந்த இளைஞனுக்குப் பணமும் கொடுக்கிறாள். அவன் பேச்சு பொய் என்று சந்தேகிக்கக் காரணங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்த இளைஞன் மேடைக்கு வருவதே இல்லை; ஆகவே பார்வையாளரும் அவனை விசாரிக்க வழியில்லை. பொய்யான சாட்சியத்தின் மேல் எழுந்த விசுவாசம் விசுவாசமாகுமா? தத்துவம் படித்தவர் ஆகாது என்று சொல்லக்கூடும். நாடகம் அவ்வளவு கறாராக இல்லை. கடைசியில் வில்லும் எல்லாவற்றையும் அறிய விரும்பாமல் நின்றுவிடுகிறார். அதைக் கோழைத்தனம் என்றும் சொல்லலாம், மனைவி மீதுள்ள இரக்கம் என்றும் சொல்லலாம். இரண்டாவதே நாடகத்தின் போக்குக்கு நெருக்கமானது.

ஃபுட் திரைக்கதை எழுதி ஆஸ்கர் பெற்ற ‘டெண்டர் மெர்சீஸ்’ (1983) இதே கேள்வியைக் கிருபையின் பக்கத்திலிருந்து அணுகுகிறது. படத்தின் தலைப்பே வேதாகமச் சங்கீதங்களின் மொழியிலிருந்து வந்தது. குடியால் வீழ்ந்த பாடகன் மேக் ஸ்லெட்ஜ், ஒரு விதவையின் அன்பால் மீண்டு ஞானஸ்நானமும் பெறுகிறான். வழக்கமான பக்திக் கதை இங்கே முடிந்திருக்கும். இதிலோ அதற்குப் பிறகுதான் அவன் மகள் கார் விபத்தில் சாகிறாள். முன்பொருமுறை குடித்துவிட்டுக் காரோட்டிய தான் பிழைத்ததும் மகள் மாண்டதும் ஏன் என்று கேட்கிறான். மனைவி விளக்கம் எதுவும் சொல்வதில்லை, உடன் இருக்கிறாள். கிருபை வந்தது உண்மை, அது இனித் துன்பம் வராது என்ற உத்தரவாதமாக வரவில்லை.

ஃபுட் கிறிஸ்தவ விஞ்ஞான சபையைச் சேர்ந்தவர். மேரி பேக்கர் எடி 1879இல் நிறுவிய அச்சபை, நோயும் தீமையும் மெய்யானவை அல்ல என்று போதிக்கிறது. நாடகங்களில் அந்தப் போதனைக்கு இடமில்லை. அங்கே சாவு சாவுதான். எழுத்தாளரின் சபையை வைத்து எழுத்துக்கு உரை எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தந்தையின் வாழ்க்கையைத் தழுவி அவர் எழுதிய ஒன்பது நாடகங்களின் தொகுதி ‘தி ஆர்ஃபன்ஸ் ஹோம் சைக்கிள்’. சிறுவயதில் தகப்பனை இழந்த ஹோரஸ் ரோபடோ, அவர் கல்லறைக்கு ஒரு கல் நடப் பணம் சேர்க்கப் புறப்படுகிறான். பின்னாளில் 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலில் தன் குழந்தையையும் இழக்கிறான். மூன்று மாலைகளில் பார்க்கும்படி இதைச் சுருக்கும் பணியில் இருந்தபோது, 2009 மார்ச் 4 அன்று ஹார்ட்ஃபர்டில் ஃபுட் காலமானார். அதே ஆண்டு ஹார்ட்ஃபர்ட் ஸ்டேஜ் நாடகக் குழுவும் சிக்னேச்சரும் இணைந்து ஒன்பதையும் மேடையேற்றின.