காசுக்குச் சிரித்தால் பொய்யா?

போன விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஜப்பான் போயிருந்தோம். தங்கச்சி அடம்பிடித்ததால் ஒரு நாள் முழுக்க தோக்கியோ டிஸ்னிலேண்டில் கழிந்தது. அங்கே மதியம் சாப்பிட்ட ஓர் உணவகத்தைப் பற்றியும், ரயிலில் திரும்பும்போது அண்ணனும் அம்மாவும் பேசிக்கொண்ட ஒரு விஷயத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் அதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

அந்த உணவகத்தின் பெயர் ப்ளூ பாயூ. வெளியே உச்சி வெயில். உள்ளே போனால் ராத்திரி. தலைக்கு மேல் கருநீல வானம், வண்ண விளக்குத் தோரணம், மேசைக்குப் பக்கத்திலேயே தண்ணீர். அந்தத் தண்ணீரில் கடற்கொள்ளையர் சவாரிக்குப் போகிற படகுகள் மெல்ல நகர்கின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சதுப்புநில இரவை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். இதே பெயரில் முதல் உணவகம் 1967இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்டது. தோக்கியோ பூங்கா திறந்தது 1983 ஏப்ரலில். அங்கே எத்தனை மணிக்குப் போனாலும் ராத்திரிதான்.

பொறியியல் படிக்கிறவன் சும்மா இருப்பானா? விளக்கு எங்கே இருக்கு, தண்ணீரை எந்தப் பம்ப் தள்ளுது, குளிர்சாதனக் குழாயை எங்கே மறைச்சிருக்காங்க என்று தேடிக்கொண்டிருந்தேன். அது பொய் ராத்திரி என்று எனக்குத் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும், கட்டியவர்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பொய்யில் யாரும் ஏமாறுவதில்லை. கூத்தில் வேஷம் கட்டி வருகிறவரைப் பார்த்து யாராவது "நீ ராஜா இல்லை" என்று சண்டை போடுவார்களா?

ஆனால், பரிமாறிய பெண்ணின் சிரிப்பு? ராத்திரியைச் செய்தது பல்பும் சிமெண்டும். சிரிப்பைச் செய்தது ஒரு மனுஷி. இங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். அன்று சனிக்கிழமை, அம்மா சைவம். அவர் அம்மாவின் நாற்காலி பக்கத்தில் லேசாக மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து, கொஞ்சம் ஆங்கிலமும் நிறைய சைகையுமாக எது கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சமையலறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். தண்ணீர் குறையக் குறைய ஊற்றினார்.

ரயிலில் அண்ணன் சொன்னார்: "எல்லாம் டிரெய்னிங்மா. காசுக்குச் சிரிக்கிறாங்க. அந்த ராத்திரி மாதிரிதான் அதுவும்."

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "நடிப்போ நெசமோ எனக்குத் தெரியாதுடா. ஒரு மணி நேரம் நான் எழுந்திரிக்காம சாப்பிட்டேன்."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். அதுவும் நின்றுகொண்டே, சட்டியில் மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு. நாங்கள் அம்மாமேல் வைத்திருக்கும் பாசத்தில் நடிப்பு கிடையாது. ஆனால் அந்த உண்மையான பாசம் ஒரு நாளும் "அம்மா, நீங்க உட்காருங்க" என்று சொன்னதில்லை. காசு வாங்கிய சிரிப்பு சொன்னது.

அண்ணன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. ஆர்லி ஹொக்‌ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். உடலுழைப்பு, மூளையுழைப்பு போல உணர்ச்சியையும் உழைப்பாக விற்கிறோம் என்பது அவர் வாதம். வெளியே மட்டும் சிரிப்பது ஒரு வகை. அந்த உணர்ச்சியை உள்ளேயே வரவழைத்துக்கொண்டு சிரிப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பவர் ஊழியர். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே அந்தப் பெண் எங்களிடம் எதையும் எதிர்பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனாலும் சம்பளம் இருக்கிறது. சிரிக்க முடியாத நாளிலும் அவர் சிரிக்க வேண்டும்.

அப்படியானால் சொல்லிக்கொடுத்து வரும் உபசரிப்பு எல்லாமே போலியா? நம் பூஜையை நினைத்துப் பாருங்கள். ஷோடச உபசாரம் என்று 16 உபசாரங்கள். இறைவனை வரவேற்று, ஆசனம் கொடுத்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, தூப தீபம் காட்டி, நைவேத்தியம் படைக்கிறோம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வோமோ அதே வரிசை. எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த முறை. செய்கிறவர் மனசில் தினமும் பக்தி பொங்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாரும் அதை நடிப்பு என்பதில்லை. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் பாதி நாள் விளக்கே ஏற்ற மாட்டோம். கை முதலில் செய்கிறது, மனசு பின்னால் வருகிறது.

இதை எழுதும்போது என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்தன்று பத்துமலையில் நண்பர்களோடு தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். சம்பளம் இல்லை, முழுக்க சேவை. விடியற்காலையிலிருந்து நின்றதில் கால் வலி. 272 படி ஏறி இறங்கி வந்த ஒரு பாட்டி, பேரனுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் கேட்டார். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் பாட்டி, லைன் நிக்குது பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என் எரிச்சல் நூற்றுக்கு நூறு உண்மை. அந்தப் பெண்ணின் சிரிப்பு ஒருவேளை பயிற்சி. இரண்டில் எது விருந்தோம்பல்?

விருந்தினரைத் தெய்வமாக எண்ணச் சொல்கிறது தைத்திரீய உபநிடதம். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. நாம் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயங்கள் இவை. நடைமுறையில், சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் நான் தோற்றுப்போனேன்.

ஆனால் பூஜைக்கும் அந்த வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பூஜை செய்ய யாரும் என்னை வற்புறுத்துவதில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால்தான் விருந்தாளிக்கும் தர்மம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் காசு கொடுப்பது சாப்பாட்டுக்கும் உழைப்புக்கும். அவரைச் சிறுமைப்படுத்தும் உரிமை பில்லில் சேராது. மாமாக் கடையில் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறோமே, ஃபோனைப் பார்த்தபடியே ஆர்டர் சொல்கிறோமே, அப்போது எதிரே நிற்பவர் தெய்வமாக வேண்டாம், மனிதராகவாவது நமக்குத் தெரிகிறாரா?

ஊருக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா முதலில் உட்கார வேண்டும், நான் பரிமாற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் எனக்கே நாடகம் மாதிரி இருந்தது. ரசத்தைக் கொட்டினேன், அண்ணன் சிரித்தார், அம்மா அப்பளம் எடுக்கிறேன் என்று இரண்டு தடவை எழுந்துவிட்டார். இரண்டாவது வாரம் ஒரு தடவை எழுந்தார்.

மூன்றாவது வாரம் எழுந்திரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா" என்றார்.