சட்டமுன்வடிவும் சினமும்

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் அமைந்த நீதியரசர் வர்மா குழு, வன்புணர்வுக்கு மரணதண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. மக்கள் சினத்தை மதித்தும் நீதியை அதனிடம் ஒப்படைக்காத நிதானம் அது எனலாம்.

2019 டிசம்பரில் ஆந்திரச் சட்டமன்றம் நிறைவேற்றிய திசா சட்டமுன்வடிவோ மரணதண்டனையை முன்வைத்து, புலனாய்வுக்கு 7, விசாரணைக்கு 14 வேலைநாள்களே வகுத்தது. அது சட்டமாகவில்லை; ஆயினும் அரசு செயலாற்றிவிட்டதென்னும் தோற்றத்தைத் தந்தது. வாக்கை நோக்கிய அத்தோற்றம், பாதிக்கப்பட்டோருக்கு நீதியாகாது.

தீர ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் பிழை இவண் நோக்கத்தக்கது. தண்டனையின் கடுமையினும் ஆராயாமையே அங்கு அறப்பிழையாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம் என்பதை மக்கள் சினத்தின்முன் நினைவூட்டுவதே சட்டமியற்றுவோர் கடன், அச்சினத்தை எதிரொலிப்பதன்று.